பிள்ளை கெட்ட வார்த்தை பேசுது டீச்சர்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

நான் மதுரைக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பேச்செல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, யாராவது ஒருவர் கிளம்பாமல் நிற்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "டீச்சர், ஒரு விஷயம்" என்று ஆரம்பிப்பார். பத்தில் ஏழு தடவை விஷயம் இதுதான். அப்புறம் போனிலும் கேட்பார்கள், கல்யாண வீட்டில் பார்த்தால் அங்கேயும் கேட்பார்கள். அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. சில வார்த்தைகளை எழுத எனக்கு மனம் வரவில்லை, அவற்றைச் சுற்றிச் சொல்கிறேன். சிலவற்றை எழுதாமல் பதிலே சொல்ல முடியாது, அவற்றை அப்படியே எழுதியிருக்கிறேன்.

எதைத்தான் டீச்சர் கெட்ட வார்த்தைன்னு சொல்றது? எங்க வீட்டுல சாதாரணமாப் பேசுறது பக்கத்து வீட்டுல கெட்ட வார்த்தையா இருக்கு.

இருக்கத்தான் செய்யும். வார்த்தையின் ஓசையில் கெட்டது எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. 'மயிர்' என்பது பழந்தமிழில் சாதாரணச் சொல், இன்றைக்கும் தோல் மருத்துவர் 'மயிர்க்கால்' என்று சொன்னால் யாரும் கோபப்படுவதில்லை. அதே சொல்லைத் தெருவில் ஒருவரைப் பார்த்துச் சொன்னால் சட்டையைப் பிடிப்பார். சபையில் சொல்லக் கூடாததை மறைத்துச் சொல்வதற்கு இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்று பெயரே உண்டு, 'கால் கழுவி வந்தேன்' என்ற உதாரணத்தோடு பிள்ளைகளுக்கு நடத்துகிறோம். எங்கள் பக்கம் 'வையுறான்' என்பார்கள், திருநெல்வேலிப் பக்கம் 'ஏசுதான்' என்பார்கள், இலங்கைத் தமிழர்கள் 'தூசணம்' என்பார்கள். பெயர் மாறும், எது அதில் சேரும் என்பதும் ஊருக்கு ஊர் மாறும்.

நம் ஊர்க் கணக்கில் உடம்பையும் உறவையும் வைத்துச் சொல்வது மட்டும்தான் கெட்ட வார்த்தை. 'நாசமாப் போ' என்ற சாபமோ, சாதிப் பேரோ, நொண்டி, செவிடு என்று குறையைச் சொல்லிக் கூப்பிடுவதோ அந்தக் கணக்கில் வருவதில்லை. இந்தக் கணக்கு தப்பு என்பதுதான் என் எண்ணம். நான் பார்ப்பது ஒன்றைத்தான்: சொன்ன வார்த்தை யார் மேல் விழுந்தது? கதவு இடுக்கில் விரல் நசுங்கி ஒருவன் கத்துவதும், அதே வார்த்தையைத் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொல்வதும் எனக்கு ஒன்றில்லை. கீழே வருகிற பதில்களில் பாதிக்கும் மேல் இதை வைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

ரெண்டரை வயசு. அப்பா அம்மான்னு கூட மழலையாத்தான் வருது, இந்த வார்த்தை மட்டும் கணீர்னு வருது. எங்கதான் கத்துக்கிட்டான்?

உங்களிடம்தான், அல்லது உங்களோடு இருக்கும் யாரிடமாவது. குற்றம் சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் திமோத்தி ஜே, கிறிஸ்டின் ஜே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1 வயது முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகள் பேசுவதைக் குறித்துவைத்து 2013-ல் வெளியிட்டார்கள். பேச ஆரம்பித்த ஒன்று, இரண்டு வயதிலேயே இந்த வார்த்தைகள் வந்துவிடுகின்றன, 11, 12 வயதுக்குள் பெரியவர்களின் பட்டியல் மாதிரியே ஆகிவிடுகிறது என்பது அதில் தெரிந்த விஷயம். அந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசவில்லை, இந்தக் காலத்தில்தான் கெட்டுப்போனார்கள் என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடு கிடையாது.

வண்டி ஓட்டும்போது குறுக்கே ஒருவன் வந்தால் நாம் ஒரு வார்த்தை சொல்வோம் இல்லையா, அப்போது நம் குரல் வேறு, முகம் வேறு. முன்னால் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அந்த நாள் முழுவதும் கேட்டதிலேயே பலமாகக் கேட்டது அந்த ஒரு வார்த்தைதான். பொருள் அதற்குத் தெரியாது. இதைச் சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் புரியும்.

சிரிக்காம இருக்க முடியல டீச்சர். தாத்தா வேற "இன்னொரு தடவை சொல்லுடா"ங்கிறாரு.

தாத்தாவிடம் தனியாகப் பேசுங்கள். மூன்று வயதில் மாமா, சித்தப்பாவெல்லாம் சுற்றி உட்கார்ந்து சொல்லச் சொல்லிக் கேட்டு, செல்போனில் பிடித்து எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். அதே வார்த்தையை ஏழு வயதில் விருந்தாளி முன்னால் சொன்னால் அறை விழுகிறது. அந்தப் பிள்ளைக்கு இடையில் என்ன மாறியது என்று எப்படித் தெரியும்?

சின்னக் குழந்தையாக இருந்தால் சிரிக்கவும் வேண்டாம், பதறவும் வேண்டாம். காதில் விழாத மாதிரி வேறு பேச்சுக்குப் போங்கள். நான்கைந்து நாளில் பெரும்பாலும் நின்றுவிடும். நான்கு வயதுக்கு மேல் என்றால் ஒரே ஒரு முறை, சாதாரணக் குரலில், "அது மத்தவங்களுக்கு மனசு வலிக்கிற வார்த்தை, நம்ம வீட்டுல சொல்றதில்ல" என்று சொன்னால் போதும். அதோடு, அந்த நேரத்தில் அவனுக்கு என்ன வேண்டியிருந்தது என்று பார்த்து அதற்கு ஒரு பேச்சைக் கொடுங்கள். "எனக்குக் கோவமா இருக்கு", "என் பொம்மையைக் குடு". கோபத்தைச் சொல்ல வேறு வார்த்தை இல்லாத பிள்ளைதான் இதைத் திரும்பத் திரும்ப எடுக்கும்.

வாயில மிளகாய்ப்பொடி வச்சா நிக்கும்னு எங்க அத்தை சொல்றாங்க. எங்களுக்கெல்லாம் அப்படித்தானே வச்சாங்க?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். பொடி மூச்சுக்குழாய்க்குள் போனால் குழந்தைக்கு மூச்சு அடைக்கும், கண்ணில் பட்டால் சொல்லவே வேண்டாம். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டப்படி, பொறுப்பில் இருப்பவரே குழந்தையைக் கொடுமைப்படுத்துவது குற்றம். பெற்ற தாய் தகப்பன் என்றால் கேள்வி இல்லை என்று அதில் எழுதியிருக்கவில்லை.

உங்களுக்கு வைத்தார்கள் என்கிறீர்கள். சரி, நின்றதா? என் வகுப்பில் மிளகாய் வாங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், உதட்டோரம் வெந்து சிவந்திருக்கும். அவர்கள் பெரியவர்கள் முன்னால் பேசுவதை நிறுத்தினார்கள், கழிப்பறைச் சுவரில் எழுத ஆரம்பித்தார்கள். ஒரு பிள்ளை அன்றைக்கு முழுவதும் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குத் தாங்கவில்லை.

ஆறாவது போனதுல இருந்து ஒரே கெட்ட பேச்சு. சேர்க்கை சரியில்லையா?

சேர்க்கை என்று சொல்லும்போது மற்ற பிள்ளைகளைக் கைகாட்டுகிறோம், அந்த வீட்டில் உங்கள் பிள்ளையைக் கைகாட்டுகிறார்கள். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பையனுக்கு இது மீசை மாதிரி. நான் பெரியவன் ஆகிவிட்டேன் என்று கூட்டத்தில் காட்டுவதற்கு ஒரு அடையாளம். 'டேய்' என்று கூப்பிட்டுக்கொள்வது போல அந்த வார்த்தையைச் சொல்லி இரண்டு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு போவார்கள், அங்கே அது யார் மேலும் விழுவதில்லை. சென்னையில் 'ஓ'-வில் தொடங்கும் ஒரு வார்த்தை பேச்சில் கமா மாதிரி வருமே, அதுவும் இந்த வகைதான்.

நான் இதைத் தடுக்க முயன்று களைத்துப்போனேன். இப்போது பிள்ளைகளிடம் நேராகச் சொல்கிறேன்: கிரவுண்டில் உங்களுக்குள் என்ன பேசுகிறீர்கள் என்று ஒட்டுக்கேட்க வரமாட்டேன், ஆனால் வகுப்பில் கூடாது, சின்னப் பிள்ளைகள் காதில் விழக் கூடாது, ஒருத்தனைக் குறிவைத்துச் சொல்லவே கூடாது. இடம் பார்த்துப் பேசுவது பிள்ளைகளுக்கு நன்றாகவே வரும். ஒரு பையன் தனியாக நிற்க, நாலு பேர் அதே வார்த்தையால் அவனை மட்டும் கூப்பிடுகிறார்கள் என்றால் அதை வார்த்தைப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். அது துன்புறுத்தல், அன்றைக்கே பள்ளியில் சொல்லுங்கள்.

அவங்க அப்பாவே குடிச்சிட்டு வந்து அப்படித்தான் பேசுறாரு. நான் பிள்ளைக்கு என்னன்னு சொல்ல?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாக்கள் யாரும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டதில்லை. முதலில் பிள்ளையிடம் உண்மையைச் சொல்லுங்கள். "அப்பா பேசுறது தப்பு. எனக்கு வலிக்குது" என்று அம்மா வாயால் கேட்பது பிள்ளைக்கு முக்கியம். 'அப்பா தெரியாமச் சொல்லிட்டாரு' என்று மழுப்பினால், பெண்ணை அப்படிப் பேசலாம், வாங்கிக்கொள்வதுதான் வழக்கம் என்று பையனும் கற்றுக்கொள்வான், பொண்ணும் கற்றுக்கொள்வாள்.

இரண்டாவது உங்களுக்கு. வீட்டுக்குள் தொடர்ந்து கேவலமாகப் பேசி அவமானப்படுத்துவதும் வன்முறை என்று 2005-ம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. அடி விழுந்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்றில்லை. பெண்களுக்கான உதவி எண் 181. போன் செய்தால் உடனே கேஸ் ஆகிவிடும் என்று பயப்பட வேண்டாம், ஆலோசனைக்கு மட்டும்கூடப் பேசலாம்.

நான் அந்த மாதிரி வார்த்தையெல்லாம் வாயில எடுக்கிறதே இல்ல டீச்சர். சனியனே, எருமை, மூதேவி... அவ்வளவுதான்.

இதைத்தான் நான் அதிகமாகக் கவலைப்படுகிற பேச்சு என்பேன். முதல் பதிலில் சொன்ன கணக்கு இங்கேதான் உதைக்கிறது. பையன் பந்து தவறிப்போனதற்கு ஒரு அசிங்கமான வார்த்தை சொன்னால் வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. அவனைக் காலையில் எழுப்பும்போது மூதேவி, பால் கொட்டினால் சனியன், மார்க் குறைந்தால் 'நீ எதுக்குடா பொறந்த' என்று அம்மா சொன்னால் யாருக்கும் உறுத்துவதில்லை. அவன் சொன்னது காற்றோடு போனது. நீங்கள் சொன்னது அவன் மேல் விழுந்தது, அதுவும் அவனுக்கு இந்த உலகத்திலேயே முக்கியமான ஆள் வாயிலிருந்து.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மிங்-டே வாங் என்பவரும் உடனிருந்தவர்களும் 976 குடும்பங்களைக் கவனித்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 13 வயதுப் பிள்ளைகளைக் கத்தி, திட்டி, மட்டம் தட்டி வளர்த்த வீடுகளில் அடுத்த ஒரு வருடத்தில் மனச்சோர்வும் அடங்காத நடத்தையும் கூடியிருந்தன. மற்ற நேரத்தில் பாசமாக இருப்பது அதைச் சரிக்கட்டவில்லை என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி. நாம் எல்லாரும் அப்படித்தானே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம், திட்டினாலும் சோறு ஊட்டுகிறேனே என்று.

மூதேவி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தவ்வை என்ற பெயரில் நம் முன்னோர் கும்பிட்ட தெய்வம் அவள். காஞ்சி கைலாசநாதர் கோயிலில் அவளுக்குச் சிற்பம் இருக்கிறது. கும்பிட்ட பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோம்.

எங்க அப்பத்தா பேசாத பேச்சா? ஊரே கூடி ரசிக்கும். ஆனா அவங்க மாதிரி பாசமான ஆளு கிடையாது.

உண்மை, நானும் அப்படி ஒரு அப்பத்தாவிடம் வளர்ந்தவள்தான். "வாடி கழுதை, சாப்பிட்டியா" என்பதில் கழுதையை யாரும் கேட்பதில்லை, சாப்பிட்டியா என்பதைத்தான் கேட்கிறார்கள். வயலில் நடவு நடும்போது பெண்கள் பேசிச் சிரிக்கும் பேச்சும், கூத்தில் கட்டியங்காரன் பேசும் பேச்சும் நாகரிகக் குறைச்சல் என்று நான் நினைக்கவில்லை. கேரளத்தில் கொடுங்கல்லூர் பகவதி கோயிலில் மீனப் பரணிக்கு அம்மனுக்கு முன்னாலேயே கொச்சையான பாட்டுப் பாடுவது வழக்கம். மக்கள் இந்த வார்த்தைகளுக்கு ஒரு இடம் வைத்திருந்தார்கள்.

பட்டணத்துப் பள்ளியில் படித்த நாம், கிராமத்துப் பேச்சு முழுவதையும் 'லோக்கல்' என்று ஒதுக்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அதே அப்பத்தா மருமகளை என்ன சொன்னார், களை பறிக்க வந்தவரை எப்படிக் கூப்பிட்டார் என்றும் யோசித்துப் பாருங்கள். பேத்திக்குக் கொஞ்சலாக இருந்த வாய் எல்லாருக்கும் அப்படி இருந்திருக்காது.

இங்கிலீஷ்ல சொன்னா அவ்வளவு அசிங்கமாத் தெரியலையே. அது பரவாயில்லையா?

நமக்கு அப்படித் தெரிவதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் வாழும் துருக்கிக்காரர்களிடம் 2003-ல் ஒரு சோதனை செய்தார்கள். கெட்ட வார்த்தைகளையும், சின்ன வயதில் வாங்கிய திட்டுகளையும் தாய்மொழியிலும் ஆங்கிலத்திலும் கேட்க வைத்து, தோலில் ஏற்படும் மாற்றத்தை அளந்தார்கள். தாய்மொழியில் கேட்டபோது உடம்பு அதிகமாக அதிர்ந்தது. பிற்பாடு கற்ற மொழியின் வார்த்தை நம் உடம்புக்குள் அவ்வளவு இறங்குவதில்லை. அதனால்தான் தமிழில் சொல்லக் கூசுகிறவர்கள் அலுவலகத்தில் 'எஃப்' வார்த்தையைச் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஆங்கிலத்தையே முதலாகப் பேசி வளரும் பிள்ளைக்கு அது அப்படியே இறங்கும். எந்த மொழி என்பது பெரிய விஷயமில்லை, ஆளைப் பார்த்துச் சொன்னானா என்பதுதான்.

ஆம்பளப்பய பேசினாக்கூட பரவால்ல. பொம்பளப்புள்ள பேசுறா டீச்சர்!

பையன் பேசினால் பரவாயில்லை, பொண்ணு பேசினால் குடும்ப மானம் போச்சு என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டு பேருக்கும் ஒரே சட்டம் வைக்க முடியாத வீட்டில் பொண்ணு அந்தச் சட்டத்தை மதிக்கமாட்டாள், மதிக்க வேண்டியதும் இல்லை.

நம் கெட்ட வார்த்தைகளை எடுத்துப் பாருங்கள். ஒரு ஆணைத் திட்ட வேண்டுமென்றால் அவன் அம்மாவை இழுக்கிறோம், அக்காவை இழுக்கிறோம். சண்டை போடும் இரண்டு ஆண்கள் சம்பந்தமே இல்லாத இரண்டு பெண்களைத் தெருவில் நிறுத்துகிறார்கள். எங்கள் பக்கம் அதிகம் புழங்கும் ஒரு வசவு 'தேவரடியார்' என்ற சொல்லிலிருந்து வந்தது. சோழர் காலக் கல்வெட்டுகளில் அது கோயிலைச் சார்ந்து வாழ்ந்த, கோயிலுக்குத் தானமும் கொடுத்த பெண்களின் மரியாதைப் பெயர். பின்னால் அந்த வாழ்க்கை பெண்களைச் சிக்கவைக்கும் முறையாகிப்போய், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் நெடுங்காலம் போராடி, 1947-ல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவதை, அதாவது பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதை, தடை செய்ய வேண்டியிருந்தது. முறை ஒழிந்தது, பெயர் மட்டும் வசவாக நின்றுவிட்டது. எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபோது பையன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் திட்டியதால் இல்லை, அந்த வார்த்தைக்குள் ஆட்கள் இருந்தார்கள் என்று தெரிந்ததால்.

கேப்மாரி, கம்மனாட்டி, பொறம்போக்கு இதெல்லாம் விளையாட்டுக்குச் சொல்றதுதானே? சினிமாலயே சொல்றாங்க.

எல்லாம் ஒரே எடை கிடையாது. புறம்போக்கு என்பது வருவாய்த்துறைச் சொல், பட்டா இல்லாத பொது நிலம். கண்மாயும் மேய்ச்சல் நிலமும் அதில்தான் வருகின்றன. பேமானி என்பது உருதுவிலிருந்து வந்தது, நேர்மையில்லாத செயலைக் குறிக்கும். இவற்றை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கம்மனாட்டி என்றால் கைம்பெண். முண்டை, அறுதலி எல்லாமே புருஷனை இழந்தவளைக் குறிக்கும் சொற்கள். என் வகுப்பில் அப்பா இல்லாத பிள்ளைகள் எப்போதும் நாலைந்து பேராவது இருப்பார்கள். கேப்மாரி என்பது பிரிட்டிஷ் ஆட்சி குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய ஒரு சமூகத்தின் பெயர். அந்த முத்திரையைக் குத்திய சட்டம் என்ன செய்தது என்று உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச்சூடு நடந்தது. சண்டாளன் என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம், அது தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் வரிசையில் இன்றும் இருக்கிற பெயர். லூசு, மெண்டல், செவிடு, ஒன்பது என்பவற்றையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இவற்றுக்குள் உடம்பின் அந்தரங்கம் எதுவும் இல்லை என்பதால் கெட்ட வார்த்தைப் பட்டியலில் இருந்து தப்பிவிட்டன. என் பட்டியலில் இவைதான் முதலில்.

சாதிப் பேரைச் சொல்லித் திட்டினா நிஜமாவே கேஸ் ஆகுமா?

ஆகும். பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த ஒருவரை, அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர், பொதுப் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி 6 மாதம் முதல் 5 வருடம் வரை சிறை. மாற்றுத்திறனாளியைப் பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினாலும் 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அதே 6 மாதம் முதல் 5 வருடம்.

இதோடு மற்றதை ஒப்பிட்டுப் பாருங்கள். பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொல்லையாக ஆபாசமாகப் பேசினால், 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 296-ம் பிரிவுப்படி 3 மாதம் வரை சிறை அல்லது ரூ.1,000 வரை அபராதம், இல்லை இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி) தான் இது. வெறும் கெட்ட வார்த்தை என்பதாலேயே அது சட்டப்படி ஆபாசம் ஆகிவிடாது என்று 2024 மார்ச்சில் ஓர் இணையத் தொடர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. யார் மேல் விழுகிறது என்பதைத்தான் சட்டமும் கனமாக எடுத்துக்கொள்கிறது.

பிள்ளை இப்படிப் பேசினால் கேஸ் பயத்தைக் காட்டி அடக்காதீர்கள். அந்த வார்த்தை வீட்டில் யார் வாயிலிருந்து வந்தது என்று பாருங்கள். பத்து வயதுப் பையன் இன்னொரு பையனின் சாதியைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, யாரோ பெரியவர் சொல்லித்தான் தெரிந்திருக்கும்.

யூடியூப், கேம் எல்லாத்துலயும் இதுதான் ஓடுது. எத்தனையை மூட முடியும்?

எல்லாவற்றையும் மூட முடியாது. சினிமா சான்றிதழில் இப்போது யுஏ 7+, 13+, 16+ என்று வயது பிரித்துப் போடுகிறார்கள், ஓடிடியில் 13+ க்கும் அதற்கு மேல் உள்ளவற்றுக்கும் பூட்டு வசதி இருக்க வேண்டும் என்று 2021 விதி சொல்கிறது. அதைப் போட்டு வையுங்கள், அஞ்சு நிமிட வேலை. கேமில் படத்தைவிட வாய்ஸ் சாட்தான் தொல்லை, முகம் தெரியாத பெரியவர்கள் சின்னப் பையனை அம்மாவைச் சொல்லித் திட்டுகிறார்கள். அதை மட்டும் அணைத்துவிட முடியும். ஹெட்போனைக் கழற்றி ஸ்பீக்கரில் விளையாடச் சொன்னாலே பாதி அடங்கும்.

வலிக்கும்போது கெட்ட வார்த்தை சொன்னா வலி குறையுமாமே?

ஆமாம், இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்டீஃபன்ஸ் 2009-ல் சோதித்தார். ஐஸ் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு கெட்ட வார்த்தை சொன்னவர்கள், சாதாரண வார்த்தை சொன்னவர்களைவிட அதிக நேரம் தாங்கினார்கள். எப்போதும் அதையே பேசிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்தப் பலன் குறைவு என்று 2011-ல் கண்டார்கள். புதிதாகச் செய்த போலி வார்த்தைகளைச் சொல்லவைத்தும் பார்த்தார்கள், அவை வேலை செய்யவில்லை. அதனால் பிரசவ வார்டில் ஒரு பெண் வாயில் வந்ததைச் சொல்லி அலறினால் அவரைத் திட்டாதீர்கள். அந்த வார்த்தை யார் மேலும் விழவில்லை.

எங்க மாமனாருக்கு பக்கவாதம் வந்து பேச்சு போச்சு. ஆனா கெட்ட வார்த்தை மட்டும் வருது. மனசுல அதுதான் இருந்துச்சா?

இல்லவே இல்லை. மூளையின் இடது பக்கம் பாதிக்கப்பட்டால் யோசித்து வாக்கியம் அமைக்கும் பேச்சு போய்விடும், தானாக வரும் பேச்சு சிலருக்கு மிஞ்சும். ஒன்று இரண்டு எண்ணுவது, சாமி பேர், பாட்டு, வசவு எல்லாம் அந்த வகை. அவர் தண்ணீர் கேட்க நினைத்து வாய் திறந்தால் இது வந்துவிடலாம், அதைக் கேட்டு அவரே கலங்குவார். டூரெட் என்ற நரம்புக் கோளாறு உள்ள பிள்ளைகளில் பத்தில் ஒருவருக்கோ சற்றுக் கூடுதலாகவோ இப்படி அடக்க முடியாமல் வார்த்தை வெடிக்கும், கூடவே கண் சிமிட்டல், தோள் குலுக்கல் இருக்கும். அப்படித் தெரிந்தால் நரம்பியல் மருத்துவரிடம் போங்கள்.

பள்ளிக்கூடத்துல டீச்சரே திட்டினா யார்கிட்டச் சொல்றது?

பிள்ளையை அடிப்பதும் மனதைப் புண்படுத்துவதும் கூடாது என்று 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 17-ம் பிரிவில் இருக்கிறது. முதலில் தலைமையாசிரியர், பிறகு பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண், அவசரம் என்றால் 1098. புகார் செய்தால் பிள்ளையைப் பழிவாங்குவார்களோ என்ற பயம் எனக்குப் புரிகிறது. எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

இப்பல்லாம் நான் பேசினா என் பொண்ணே "அம்மா, அது கெட்ட வார்த்தை"ங்கிறா. கோவமா வருது. பெரியவங்களைத் திருத்துறதா?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் மூன்றாவது நாளாக வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தான். காது சரியாகக் கேட்காத பிள்ளை. "செவிட்டு முண்டம், எத்தனை தடவை சொல்றது" என்று சொல்லிவிட்டேன். வகுப்பு சிரித்தது. முன் பெஞ்சில் ஒரு பொண்ணு எழுந்து, "டீச்சர், நீங்கதான் அதைச் சொல்லக் கூடாதுன்னு சொன்னீங்க" என்றாள். எனக்கும் முதலில் கோபம்தான் வந்தது, உட்காரு என்றுதான் சொன்னேன். அன்றைக்கு மதியம் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முதல் பாடவேளையில், எல்லார் முன்னாலும் சொன்னதால் எல்லார் முன்னாலும், அவன் பக்கத்தில் போய் நின்று முகம் பார்த்து மெதுவாக, "நேத்து நான் சொன்னது தப்பு, மன்னிச்சிருப்பா" என்றேன். அவனுக்கு எவ்வளவு கேட்டது என்று தெரியவில்லை. பையிலிருந்து நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தான். மூன்று நாள் வீட்டுப்பாடமும் அதில் எழுதியிருந்தது.